பையைத் திறந்து காட்டவும்

நான்கு மாதமாகச் சம்பளம் இரண்டு தவணையாக வந்தது.
முதலில் காபி இயந்திரத்தைத் தூக்கிப்போனார்கள்,
பிறகு ரோந்து வண்டிகளில் ஆறை.
டீசலுக்குக் கடன் சொன்ன அன்று
ஸ்பினெக் சொன்னான்:
"இனித் திருடன் வந்தால்
டிராம் பிடித்துத்தான் துரத்த வேண்டும்."
சிரித்தோம். ஒஸ்த்ராவாவில் நவம்பரில்
சிரிக்க அதிகம் கிடைப்பதில்லை.

வாங்கியவர்கள் ஒரு வியாழக்கிழமை வந்தார்கள்,
ப்ராகிலிருந்து, மூன்று பேர்,
ஒரே சாம்பல் நிற மேலங்கி.
வாசலில் அடையாள அட்டை கேட்டேன்.
"இனி நாங்கள்தான் உங்கள்..." என்று ஒருவர் தொடங்கினார்.
"அட்டை," என்றேன்.
காட்டினார்.
பதிவேட்டில் எழுதினேன்: உள்ளே 8.52.
நோக்கம் என்ற கட்டத்தில்
'பார்வையிட'.
வேறு சொல் எனக்கு அப்போது தெரியாது.

வங்கிக்குக் காவல், கிடங்குக்குக் காவல்,
புகை நின்றுபோன உருக்காலைக்கும்
இருபது வருடம் காவல்.
வேலிக்கு ஒரு வேலி வேண்டுமென்று
எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் மாடிக்கு ஒவ்வொருவராக அழைத்தார்கள்.
ஆளுக்கு ஏழு நிமிடம்.
எண்பது கேமராவை
ப்ர்னோவில் ஒருவர் உட்கார்ந்தபடி பார்த்துக்கொள்வாராம்.
அந்த ஒருவரின் பெயரைக் கேட்டாள் லிபுஷெ.
இன்னும் ஆள் எடுக்கவில்லை என்றார்கள்.

சொத்துப் பட்டியல் என் மேசைக்கும் வந்தது.
நாற்பத்தொன்றாவது வரி:
காவல் நாய், பெயர் ப்ரித், வயது ஐந்து,
நல்ல நிலையில்.
ரதோவானின் பெயர் வேறு பட்டியலில்.
வயது ஐம்பத்து மூன்று.
நிலை பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு கட்டளை:
வெளியேறுவோர் பைகளைச் சோதிக்கவும்.
டார்ச், ரேடியோ, சாவி, சீருடை,
கம்பெனிப் பொருள் எதுவும் வெளியே போகக்கூடாது.

மேசையின் முன் வரிசை நீண்டது.
பதினேழு வருடம் காலை வணக்கம் சொன்ன முகங்கள்
என்னைப் பார்க்காமல் ஜிப்பைத் திறந்தன.
லிபுஷெயின் பையில் ஒரு கள்ளிச்செடி,
முள் குத்தாமலிருக்கக் காலுறை மாட்டி.
போர்ஜிவோயின் பையில் கம்பளிச் செருப்பு.
இரவுப் பணியில் அது தடை.
"இப்போது பிடித்துவிட்டாய்," என்றான்.
பிடித்தேன், அவன் கையை.
குளிர்ந்திருந்தது.

ரதோவான் கடைசியில் வந்தான்.
பைக்குள் நாய்ப் பயிற்சிக்கான தோல் கையுறை,
முழங்கைவரை நீண்டது,
நெடுகப் பல் தடங்கள்.
பட்டியலில் அறுபத்தேழாவது வரி.
அவனுக்கும் தெரியும்.
கொட்டிலில் ப்ரித் ஒருமுறை குரைத்தது,
பிறகு குரைக்கவில்லை.

'சோதித்தேன். ஒன்றுமில்லை' என்று எழுதினேன்.
என் பதிவேட்டில் அதுதான் முதல் பொய்.
எழுத்து மட்டும் எப்போதும்போல நேராக.

பிறகு யாருமில்லை.
ஒரு பை மிச்சம், என்னுடையது.
சோதிக்க ஆளில்லாமல் போகலாமா என்று
விதிமுறைப் புத்தகத்தில் தேடினேன்.
அப்படியொரு நிலைமையை
எழுதியவர் யோசிக்கவில்லை.
மேலே புதிய கேமரா, சிவப்புப் பொட்டு.
அதற்கு நேராகப் பையைப் பிரித்துப் பிடித்தேன்:
சாப்பாட்டு டப்பா, மூக்குக் கண்ணாடி,
தலைவலி மாத்திரை.
ப்ர்னோவில் யாராவது பார்த்தார்களோ என்னவோ,
கை வலிக்கும்வரை பிடித்திருந்தேன்.

த்ரஹோமீரா, வெளியே 18.10.
பேனா கம்பெனியுடையது. வைத்துவிட்டேன்.

டிராமில் எதிர் இருக்கையில் ஒரு பையன்,
மடியில் வீங்கிய பை.
எவ்வளவு நேரம் அதையே பார்த்தேனோ தெரியாது.
அவன் நெளிந்தான், ஜன்னலைப் பார்த்தான்,
கடைசியில் ஒன்றும் பேசாமல்
ஜிப்பைப் பாதி திறந்தான்.

"வேண்டாம் தம்பி," என்றேன்,
"மூடு.
வெளியே பனி விழுகிறது."