கிளட்ச் கால்

திங்கள், புதன், வெள்ளி.
காலை ஆறரைக்கு எடை பார்ப்பார்கள்.
போன முறையைவிட இரண்டு கிலோ எண்ணூறு.
என்ன குடித்தீர்கள் என்பாள் சிஸ்டர் நொம்புலெலோ.
ஞாயிற்றுக்கிழமையை, என்பேன்.
சிரிக்கமாட்டாள். எழுதிக்கொள்வாள்.

இடக்கையில் இரண்டு ஊசி.
தைப்பூசத்துக்கு ஏன் காவடி எடுக்கவில்லை என்று
கோயிலில் கேட்டார்கள்.
வாரத்துக்கு ஆறு குத்து வாங்குகிறேன், போதாதா என்றேன்.

ஊசி குத்திய இடத்துக்கு மேலே
கட்டைவிரலை வைத்துப் பார்த்தால்
தோலுக்கடியில் ஒரு டீசல் இன்ஜின்
நியூட்ரலில் ஓடிக்கொண்டிருக்கும்.
இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு
அந்த அதிர்வின் அர்த்தம் தெரியும்:
வண்டி இன்னும் கிளம்பலாம்.

கிராஸ்மோரில் எடுத்தால்
ஹிக்கின்சன் ஹைவேயில் பாட்டை அலறவிட்டு
வார்விக் சந்திப்பில் கொண்டுபோய்க் கொட்டுவேன்
அறுபது பேரை, எழுபது பேரை.
ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை மிதித்த இடக்கால்.
இப்போது அதைக்
கால்சட்டைக்குள் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மார்ச் மாதத்தில் பிரெனிஷா வந்தாள்,
உடற்பயிற்சிப் பிரிவில் புதுசு.
அட்டைப்பெட்டியிலிருந்து இரண்டு பெடலை எடுத்து
என் கால்மாட்டில் திருகிப் பூட்டினாள்.
முதல் இரண்டு மணி நேரத்துக்குள்தான், அங்கிள்,
அப்புறம் பிரஷர் இறங்கிவிடும்.
ஊசிக் கை அசையக்கூடாது.
எங்கே போவதற்கு, என்று கேட்டேன்.
எங்கேயும் இல்லை,
டாய்லெட்டிலிருந்து நீங்களாகவே எழுந்திருப்பதற்கு.

முதல் நாள் நாலு நிமிஷம்.
கெண்டைக்கால் கயிறாக முறுக்கிக்கொண்டது.
பக்கத்து நாற்காலி இங்கோபோ
தலையணையிலிருந்து எட்டிப் பார்த்து
டவுனுக்கு டிக்கெட் எவ்வளவு, டிரைவர்? என்றார்.
பதில் சொல்ல மூச்சு இல்லை.

ஒரு புதன்கிழமை கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமியது, எழவில்லை.
என் மெஷினின் பேட்டரியும் கைவிட்டது.
சிஸ்டர் ஓடிவந்து
சின்னக் கைப்பிடியை மடக்கி எடுத்துப்
பம்பைக் கையால் சுற்றத் தொடங்கினாள்,
வெளியே நின்ற என் ரத்தத்தை
ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று வீட்டுக்கு அனுப்பினாள்.
எனக்குச் சும்மா இருக்க வரவில்லை.
இருட்டில் அவள் கை சுற்றியது,
கீழே என் கால் சுற்றியது.
நிறுத்தித் தொலையுங்கள், என்றாள்.
அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சிரித்தாள்.

இதை யாரிடமும் சொன்னதில்லை:
இங்கே பதினொரு நாற்காலி.
ஒரு குழு உட்கார்ந்து ஃபைலைப் பார்க்கும்.
வயது, சர்க்கரை, இதயம், வீட்டில் யார் இருக்கிறார்கள்.
என் ஃபைல் போன அதே வாரத்தில்
லோகநாயகி செட்டியின் ஃபைலும் போயிருக்கிறது.
யூனிட் ஏழில் ஏறுகிறவள்.
தையல் ஃபேக்டரி, நீல ஓவரால்,
சில்லறையை எண்ணித் தட்டில் வைப்பாள்.
மேட்டில் ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால்
பின்னால் எத்தனை ஹாரன் கத்தினாலும் நிற்பேன்.
ஒரு நாளும் அவளை விட்டுவிட்டு எடுத்ததில்லை.

குழு எனக்கு ஆம் என்றது.

இப்போது பதினெட்டு நிமிஷம் மிதிக்கிறேன்.
எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டியதில்லை.
கண்ணை மூடினால் பழைய தடம்,
மசூதி வளைவு, கோழிக்கடை, பள்ளிக்கூட மேடு.
மேட்டில் பெடல் கனக்கும்.
யூனிட் ஏழு வந்தால் கால் தானாக நின்றுவிடும்.
வலிக்கிறதா, என்று ஓடிவருவாள் பிரெனிஷா.
இல்லையென்று தலையசைப்பேன்.
ஒரு ஆள் ஏறணும் என்று
அவளிடம் எப்படிச் சொல்ல.

பத்து வரை எண்ணுவேன்.
சில்லறைச் சத்தம் கேட்காது.
அப்புறம்
கிளட்சை மெதுவாக விடுவேன்.