சிவப்புத் தொப்பி

மாரகைபோவில் மின்விசிறி சுற்றும் வரைதான்
எனக்கு வேலை நேரம்.
விசிறி நின்றால் எல்லாம் நின்றது.

கணினிக்குள் ஒரு சதுப்பு நிலம்.
அங்கே மாட்டளவு பெரிய பச்சைப் பல்லி.
வெட்டினால் நான்கு எலும்பு, ஒரு தோல்.
முப்பது நொடியில் அதே இடத்தில்
செத்த ஞாபகமே இல்லாமல்
அதே பல்லி எழுந்து நிற்கும்.
மறுபடி வெட்டுவேன்.

எலும்பு நாணயமாகும்
நாணயம் டாலராகும்
டாலர் முட்டையாகும்.
எந்த ஊரிலோ, பல்லி வெட்டச் சலித்த ஒருவன்
என் இரவைக் காசு கொடுத்து வாங்கி
ஒரே தாவலில் மலையுச்சிக்குப் போய்விடுவான்.
நான் அந்த மலையைப் பார்த்ததில்லை.
நூறு பல்லிக்கு ஒரு முட்டை.
அதுதான் என் வாய்ப்பாடு.

விளையாட்டு வினையாகும் என்று எச்சரிப்பவர்கள் யாரும்
என் வாடகை எவ்வளவென்று கேட்டதில்லை.

நேற்றுத் தண்ணீர் லாரி வந்தது.
குடங்களைத் தூக்கிக்கொண்டு
தம்பி நெயோமரை நாற்காலியில் உட்காரவைத்தேன்.
ஒன்பது வயது. விரல் சுறுசுறுப்பு.
"வெட்டிக்கிட்டே இரு. வேற எதுவும் தொடாதே."

மூன்று மணி நேர வரிசை.
திரும்பி வந்தபோது சதுப்பு நிலத்தில் நான் இல்லை.
ஒரு பாலத்தின் மேல் நின்றிருந்தேன்,
இத்தனை மாதத்தில் எனக்குத் தெரியாமலே இருந்த பாலம்.
கையில் தூண்டில்.
பிடித்த மீனை எல்லாம்
வாத்துகளுக்கு வீசிக்கொண்டிருந்தான்.
"யாஸ்மெலி, இங்க பாரேன், கிட்ட வருதுங்க!"

தலையில் ஒரு சிவப்புத் தொப்பி.
விலையைப் பார்த்தேன்.
பதினோரு முட்டை.

கத்தினேன்.
அடுத்த வீட்டு நாய் குரைக்கும் அளவுக்குக் கத்தினேன்.
அவன் அழவில்லை. திரையைக் காட்டிச் சொன்னான்:
"நாள் முழுக்க வெயில்ல நிக்கிறாளே அவ."

அப்போது மின்சாரம் போனது.

ஏரிக்கு அப்பால், கட்டாட்டும்போ ஆற்றின் மேலே
மின்னல் தொடங்கியிருந்தது.
சத்தமே இல்லாமல்
ஒன்றன்மேல் ஒன்றாய், ஒன்றுக்குள் ஒன்றாய்.
வானத்தில் அவ்வளவு மின்சாரம்,
செருகத்தான் ஓர் இடமில்லை.
நெயோமர் ஜன்னலில் உட்கார்ந்து எண்ணினான்.
நூற்றி நாற்பதில் தூங்கிப்போனான்,
கட்டைவிரல் மட்டும்
இல்லாத பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.

இரண்டு நாற்பதுக்கு விசிறி முனகியது.
உள்ளே போனேன். நேராகக் கடைக்காரனிடம்.
தொப்பிக்கு இரண்டு முட்டை தருகிறானாம்.
போன வேகத்தில் பொருளுக்குக் கிழடு தட்டுவது
அந்த உலகத்திலும் அப்படித்தான்.

விற்கும் பொத்தானில் சுட்டியை வைத்தேன்.
வைத்தபடியே இருந்தேன்.

பிறகு, ஏனென்று தெரியவில்லை,
ஒரு நொடியில் சேர்க்கும் குறுக்குவழியை விட்டுவிட்டு
நடந்தே போனேன்.
கடைக்கும் சதுப்புக்கும் இடையில்
ஒரு காற்றாலை இருக்கிறது. யாரோ வரைந்த கோதுமை வயல்.
பாலத்தடியில் வாத்துகள்
மீனில்லாமலும் வந்தன.
எட்டுப் பல்லி நேரம் வீண்.

மூன்றரைக்கு ஒரு குதிரை வீரன் அந்தப் பக்கம் வந்தான்.
வழக்கமாக அவர்கள் திட்டுவார்கள்,
இல்லையென்றால் என்னை இயந்திரம் என்று புகார் கொடுப்பார்கள்.
இவன் நின்றான்.
"தொப்பி என்ன விலை?"

இரண்டு வருடமாக எழுத்துப்பெட்டியில்
எண்களை மட்டுமே தட்டிய கை.
தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், எழுத்துப் பிழையோடு:
"விற்பனைக்கு இல்லை."

அவன் ஒரு கணம் நின்று
குனிந்து வணங்கிவிட்டுப் போனான்.
அந்த வணக்கத்துக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது போல.
எதுவென்று தேடிப் பார்ப்பதற்குள்
முப்பது நொடி முடிந்து
பல்லி எழுந்துவிட்டது.