ஆய்வின் வரம்புகள்

வெள்ளி மாலை நான்கு மணி, குன்னூர்.
கணினித் துறையின் மூன்றாம் ஆய்வகத்தில்
நான்கு பேர், நான்கு வரைவுகள், ஒரே ஹீட்டர்.
விதி ஒன்றுதான்:
எழுதியவர் வாய் திறக்கக் கூடாது.

என் வரைவு ஜெசிந்தாவின் மடியில்.
கேத்திப் பள்ளத்தாக்கின் உறைபனியை
முந்தைய மாலையே சொல்லிவிடும் மாதிரி.
பதினொரு உணரிகள், இரண்டு குளிர்காலம்,
தொண்ணூற்றாறு விழுக்காடு துல்லியம்.
அந்த எண்ணை மட்டும்
தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

போஜராஜ் எதையும் பின்பக்கத்திலிருந்து படிப்பவன்.
"மேற்கோள் நாற்பத்து மூணு. படிச்சது?"
விதியை மீறாமல்
ஒன்பது விரல் காட்டினேன்.
யோசித்து, ஒன்றை மடக்கினேன்.

ஜெசிந்தா உரக்கப் படித்தாள்:
கணக்கிடப்பட்டது.
சேர்க்கப்பட்டது. நீக்கப்பட்டது. கண்டறியப்பட்டது.
"பட்டது பட்டதுன்னு
பக்கம் முழுக்கப் பட்ட மரமா நிக்குதேடி,
ஒரு ஆள்கூட இல்லையா இந்த ஆய்வுல?"
ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில்
யாரால்? யாரால்? யாரால்?

இரவு விடுதியில் திருத்த உட்கார்ந்தேன்.
நான் கணக்கிட்டேன். சுலபம்.
நான் சேர்த்தேன். அதுவும்.
'ஏழாம் உணரியின் தரவு பிழையெனக் கருதி நீக்கப்பட்டது'
என்ற இடத்தில் கை நின்றது.
கருதியது யார்?

நான்தான்.
மார்ச் மாதம், இரவு ஒன்றேகால்.
மற்ற பத்தும் பிளஸ் இரண்டில் நிற்க
அது மட்டும் மைனஸ் மூன்றென்றது.
வரைபடம் கோணலாகத் தெரிந்தது.
ஒரே வரி நிரல். எண்டர்.
பிறகு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த ஜனவரியில் ஒருநாள் முதல் பஸ் பிடித்துப் போனேன்.
கேரட் வயல்கள் படிப்படியாக இறங்கி
கடைசி வரம்பு ஓடையில் முடிகிறது.
மேலே எல்லாம் பச்சை.
அந்த ஒரு பாத்தியில் மட்டும்
வெள்ளை; மிதித்தால் நொறுங்கியது.
இரவெல்லாம் சரிவில் வழிந்த குளிர்
போக இடமின்றித் தேங்கும் குழி.
அதன் நடுவில், மூங்கில் கழியில், என் ஏழாம் பெட்டி
உண்மையைச் சொல்லிக்கொண்டு.

ஹேமாவதி ரப்பர் பூட்ஸோடு வந்தாள்.
என் வயதுதான் இருக்கும், தூக்கமில்லாத கண்.
"இந்தப் பொட்டிய எப்ப எடுப்பீங்க?
வரம்புல நடக்க வழியில்ல."
அவ்வளவுதான் கேட்டாள்.
கருகிய இலைகளைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.

உறைபனி பற்றிய ஆய்வேட்டிலிருந்து
உறைபனியை நீக்கியிருக்கிறேன்.

திரும்பச் சேர்த்து ஓட்டினேன்.
எழுபத்தெட்டு.
தடித்த எழுத்தை எடுத்துவிட்டேன்.
'நிரூபிக்கிறது' போய் 'சுட்டுகிறது' வந்தது,
'எல்லா' போய் 'இந்தப் பதினோரு இடங்களில்'.
முன்பு 'வரம்புகள்' என்ற தலைப்பின் கீழ்
சீனியர் ஒருவரின் நான்கு வரி இருந்தது:
காலம் போதவில்லை, தரவு போதவில்லை.
இப்போது ஒன்றரைப் பக்கம்,
அதன் முதல் வாக்கியம் 'நான்' என்று தொடங்குகிறது.
"ஆய்வேட்டுல நான்-னு வரலாமா?" என்றார் நெறியாளர்.
தேநீரை முடித்துவிட்டு,
"சரி, ஒரு இடத்துல மட்டும்" என்றார்.

இன்று காலை வாட்ஸப்பில் ஒரு படம்.
வெள்ளைப் பாத்தி, சாய்ந்த பெட்டி, கீழே
'இன்னும் எடுக்கல'.
படம் 4.6 என்று பெயரிட்டேன்.
ஆதாரம் வேண்டுமே.
மேற்கோள் மென்பொருள் குடும்பப் பெயர் கேட்டது.
ந. ஹேமாவதி என்று கொடுத்தேன்.
அது நஞ்சனை முன்னால் இழுத்து
ஹேமாவதியை ஓர் எழுத்தாகச் சுருக்கியது.
பனியில் நின்று படமெடுத்தவளை விட்டு
அவள் அப்பாவை ஆசிரியராக்கியது.

அந்த வரியை அழித்துவிட்டு
அவள் பெயரை முழுசாக
நானே தட்டினேன்.