சொறியை எறியும் இரவு

காலையிலிருந்து பதினேழு பேருக்குச்
சொறிக்குக் களிம்பு கொடுத்தேன்.
கழுத்திலிருந்து கால்வரை பூசு,
துணியைக் கொதிநீரில் போடு,
வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூசுங்கள்.
பதினேழு தடவை.
கடைசி ஆள் பீர்கபகதூர்
குழாயைப் பையில் போட்டுக்கொண்டு
"ராத்திரி நீயும் எறிவாய்தானே?" என்றார்.

எறிவேன்.
நேபாள சர்க்காரின் சம்பளம் வாங்கும்
இதே கையால்.

இன்று சாவுன் முதல் தேதி.
சூரியன் கடகத்தில் கால்வைத்துத்
தெற்கே திரும்புகிறது.
தேவர்களுக்கு அந்தி சாய்ந்தாயிற்று, இனி ஆறு மாத ராத்திரி.
எங்களுக்கு
நாற்று நட்ட இடுப்புவலி,
சேற்றுப்புண்,
கணுக்காலில் அட்டை.

கணக்கு வாத்தியார் தீர்த்தராஜ் சொல்கிறார்:
அது திரும்பி மூன்று வாரம் ஆகிறது,
பஞ்சாங்கத்துக்குத்தான் இன்று தெரிந்திருக்கிறது.
மழைவிட்ட மதியங்களில்
கொடிக்கம்பத்தின் நிழலுக்கு
அவர் போட்டுவந்த கோடுகளைக் காட்டினார்.
நான் தோஹா அழைப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
வைசாகத்தில் நாற்பது நிமிஷம்.
ஜேட்டில் இருபது.
அசார் முழுக்க
"சாப்பிட்டாயா, அங்கே மழையா" மட்டும்.
பகல் குறைவதும் இப்படித்தான்,
ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் வித்தியாசம் தெரியாது.
எந்தத் தேதியில் திரும்பினான்?
நான் எந்தக் கம்பத்தடியில்
கோடு போட்டிருக்க வேண்டும்?

இருட்டியதும் மேட்டு வீட்டில்
சுளகு தட்டத் தொடங்கிவிட்டார்கள்.
நாத்தனார் சுன்கேசராவுக்கு
மருதாணி இன்னும் காயவில்லை,
ஆகவே எல்லாக் கொள்ளியும் எனக்கு.
ஈர விறகு.
மண்ணெண்ணெய் ஊற்றித்தான் பிடித்தது.

கண்டாரக்,
சொறிப்படைத் தளபதியே,
எடுத்துக்கொண்டு போ!
கிழக்கே ஒன்று.
வடக்கே ஒன்று.
மேற்கே ஒன்று.
எதிர்ச்சரிவில் வீடுவீடாய்த் தீ பறந்து
வயல்தண்ணீரில் சீறி அணைகிறது.
நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான்
தோஹா மேற்கே என்பது நினைவு வந்தது.
அந்தக் கொள்ளியை
வெறும் சொறியை நினைத்து எறிந்துவிட்டேன்.

தெற்கே ஓங்கி வீசியது
கழிப்பறைத் தகரத்தில் விழுந்து
டங்கென்றது.
சுன்கேசரா பச்சைக் கைகளை விரித்தபடி
குனிந்து குனிந்து சிரித்தாள்.
எனக்கும் வந்தது.

விரலிடுக்கு அரிக்கிறது.
நாளைக்கு என் பெயருக்கு ஒரு குழாய்
எழுதிக்கொள்ள வேண்டும்.
பதிவேட்டில்
வீட்டில் எத்தனை பேர்
என்று ஒரு கட்டம் இருக்கிறது.