ஒன்பதாம் வளைவு

ஏற்காட்டிலிருந்து இறங்கும் ஐந்தே கால் பஸ்.
சடையப்பன் இரண்டாம் கியரில்
பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார்.
ஒன்பதாம் வளைவில்
சாலையை அடைத்தபடி
ஒரு காட்டெருமை.

பிரேக். காப்பி மூட்டை சரிந்தது.
பக்கத்து சீட் பாவாயி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.
என்னுடையது மட்டும்
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
நான் கொலுசு எடைபோடும் நிதானத்தில்
அடித்துக்கொண்டிருந்தது.

என்னுடையது என்று சொல்லக்கூடாது.
போன ஆடியில் வந்தது.

இதயத்துக்கு அடிக்கச் சொல்லித்தர ஆள் வேண்டாம்.
வலது மேலறைச் சுவரில் சின்னதாய் ஓரிடம்,
அதுவே பொறி தட்டும்,
அதுவே துடிக்கும்.
விட்டால் நிமிடத்துக்கு நூறு.
மூளைக்கு வேலை
பிரேக்கில் கால் வைத்திருப்பதுதான்:
கழுத்து வழி இறங்கும் நரம்பொன்றால்
எழுபதில் பிடித்து வைக்கும்.
பயம் வந்தால் காலை எடுத்துவிடும்.
ஆசை வந்தாலும்.

எனக்கு அந்த நரம்பை அறுத்துத்தான் வைத்தார்கள்.
மூளை இனி
சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும்
சுரப்பியிடம் சொல்லி,
அது ரத்தத்தில் கலந்து,
தபாலில் வரவேண்டும் எல்லாம்.

எருமை புதருக்குள் போயிற்று.
யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் சில்லறை தேடினார்.
பாவாயி கொய்யாப்பழம் நீட்டினாள்.

எல்லோரும் பயந்து முடித்தபின்
ஏழாம் வளைவில்
தடதடவென்று தொடங்கியது.

யார் வீட்டுப் பிள்ளையோ நீ,
எருமை போய்விட்டது என்று
கை வைத்துச் சொன்னேன்.
அதற்கும் தபால்தான்.

அடிவாரச் செக்போஸ்ட் வரைக்கும்
அது நம்பவில்லை.