கிணற்றுப் பங்கு

கஸ்தூரியார் வீதியில், போன் திருத்தும் கடைக்கு மேல்
ஒரு அறை. அதில் ஒரு பழைய கணினி.
மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன், வெக்கைக்கு.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அதற்குள் இருந்து கதைக்கிறார்கள்.
முதலாளி இல்லை. விளம்பரம் இல்லை.
மாதம் இருநூறு ரூபாய், தந்தால் தரலாம்.
தராதவர்கள்தான் கூடச் சத்தம்.

பெயர் வைத்த அன்றே சண்டைபிடித்தோம்.
'ஒழுங்கை' என்றேன் நான். 'சந்தி' என்றான் வாகீசன்.
சந்தியில் எல்லாரும் நிற்பார்கள், ஒருவரும் குடியிருப்பதில்லை
என்று சொல்லி வென்றேன்.
உரிமத்தை இருவருமாகத் தமிழாக்கினோம், மூன்று இரவு:
எவரும் எடுக்கலாம். எவரும் மாற்றலாம்.
மாற்றியதை மறைக்காமல் மற்றவர்க்கும் கொடுக்க வேண்டும்.
"காணி உறுதி மாதிரிக் கிடக்கு" என்றான்.
கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்
என்றொரு வரி சேர்க்கச் சொல்லிச் சிரித்தான்.

ஸ்காபறோவில் ஒரு வழங்கி. எட்டாயிரம் பேர்.
வேலியில் பொட்டு விட்டதுபோல் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி;
இங்கே எழுதினால் அங்கே தெரியும்.
பங்குனியில் அங்கிருந்து ஒருவன்
கொக்குவில்காரி ஒருத்தியின் வீட்டு இலக்கத்தைப் போட்டான்.
படலையின் நிறத்தையும் போட்டான்.
அவள் செய்த குற்றம்: சீதனம் பற்றி நான்கு வரி.

அங்குள்ள நிர்வாகிக்கு எழுதினேன்.
"கருத்துச் சுதந்திரம், தங்கச்சி" என்று பதில்.
படலை என்ன கருத்து?
மறுபடி எழுதினேன். மறுபடி தங்கச்சி.

பிறகு எங்களுக்குள்.
அடை என்றார்கள். அடைத்தால்
நாங்களும் அந்தப் பெரிய கொம்பனிகளும் ஒன்று என்றார்கள்.
ஒருவனுக்காக எட்டாயிரம் பேரையா என்றார்கள்.
எட்டாயிரம் பேருக்காக ஒருத்தியையா என்றார்கள்.
அவளைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.
நானே மூன்றாம் நாள் பின்னேரம்தான் கேட்டேன்.
"பூட்டை மாத்திட்டன் அக்கா" என்றாள், அவ்வளவுதான்.
குருநகர் நெவில் அண்ணை
வழமைபோல் நண்டு விலையைப் போட்டுவிட்டுக்
கீழே எழுதினார்:
என்ர மகள் அந்தப் பக்கம்தான் பிள்ளை.
யோசிச்சுச் செய்.

வாக்கெடுப்பு: அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு.
மற்றவர்கள் நித்திரை.

இரவு ஒன்றரைக்குக் கரண்ட் போனது.
யூபிஎஸ் கீச்சிட்டது; பதினொரு நிமிடம் என்றது.
ஒரு வரிதான் கட்டளை.
இந்த ஊரில் வேலி அடைக்கக்
கதியால் வேண்டும், கிடுகு வேண்டும், ஆள் வேண்டும்,
பக்கத்து வளவின் ஏச்சும் வேண்டும்.
இதற்கு ஒரு விரல்.
அழுத்தினேன்.
வழங்கி என்று பெயர்; மறுக்கவும் தெரிந்திருந்தது அதற்கு.

விடிய வாகீசன் இல்லை.
சும்மா போகவில்லை, முழு நிரலையும் எடுத்துக்கொண்டு.
நெல்லியடியில் புது வழங்கி. பெயர் சந்தி.
நூற்று நான்கு பேர் பின்னால் போனார்கள்,
நெவில் அண்ணையும்.
முதல் பதிவில் என்னை
ஒழுங்கைக்குள் சென்றி போட்டவள் என்று எழுதினான்.
சென்றியில் அடையாள அட்டையோடு
என் பின்னால் வரிசையில் நின்றவன்.
அதைத்தான் செரிக்க முடியவில்லை.
எடுத்ததற்கு வழக்கில்லை. எவரும் எடுக்கலாம்
என்று தமிழில் எழுதியவள் நான்.

வைகாசி முடிய ஒரு திருத்தம் வந்தது, அவனிடமிருந்து.
பழைய போன்களில்
கொம்பு எழுத்தைவிட்டுத் தனியே நிற்கும் பிழை;
கொக்குவில் என்று எழுதினால் நடுவில் ஒரு வெற்று வட்டம் விழும்.
ஒன்பது வரி. குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை.
எங்காவது ஏச்சு ஒளிந்திருக்குமா என்று
வரிக்கு வரி பார்த்தேன்.
சுத்தமாக இருந்தது.
எரிச்சலாக இருந்தது, அவ்வளவு சுத்தம்.

சேர்த்துக்கொண்டேன்.
ஸ்காபறோ இன்னும் அடைத்தபடி.
சந்தி எங்களை அடைத்தபடி.
கொக்குவில்காரி படலைக்கு வேறு நிறம் அடித்துவிட்டாள்,
என்ன நிறமென்று நான் எழுதமாட்டேன்.
நண்டு விலை பார்க்க
இப்போது வெளியாள் மாதிரிச் சந்திக்குப் போய்
எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.