இரண்டு கிலோ முந்நூறு

"சாருக்குங்களா?"
"எனக்குத்தானுங்க."

கோயமுத்தூர் ராஜ வீதியில், பாத்திரக்கடைச் சந்தில்,
அவர் முதலில் எடுத்து நீட்டியது கடப்பாரை.
மூணே முக்கால் கிலோ. ஐந்தரை மில்லிக் குழல்.
"நாப்பது கெசத்துல முயல் உருளுமுங்க."
முயலுக்கு வரலீங்க. பெருச்சாளி.
"காட்டுலீங்களா?"
கோழிச் சாளையில்.

பல்லடத்துக்குத் தெற்கே, நாலாயிரம் குஞ்சு,
பதினொரு நாள் வயசு.
நார்த்தூளுக்கு அடியில் வளை போட்டு வருகிறது.
தீவனம் தின்பதைவிடச் சிந்துவது அதிகம்.
முந்தாநாள் மூணு குஞ்சுக்குக் கால்கள் மட்டும் கிடந்தன.
மருந்து வைக்கக் கூடாது, கம்பெனி ஒப்பந்தம்.
கூண்டைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகிறது,
கன்னிவாடிச் சந்தையில் ஏமாறாத ஆள் மாதிரி.
பூனை வைத்தோம். அது கட்சி மாறிவிட்டது.

தகரத்தில் ஓட்டை விழக் கூடாது, தண்ணீர்க் குழாயிலும்.
வலது காறை எலும்பில் தகடு, ஆறு திருகாணி,
காரணம்பேட்டைப் பிரிவில் மணல் லாரிக்கு ஒதுங்கி
மொபட்டோடு விழுந்த வருசத்தது.
மழைக்கு முந்தின நாள் அது தனியாகப் பேசும்.
இடது கண்ணில் எனக்குக் குறி நிற்காது,
அந்தத் தோளில்தான் கட்டையைப் பதிக்கோணும்.

எல்லாத்துக்கும் மேலே சத்தம்.
போன நோம்பிக்கு யாரோ வைத்த ஒரு வெடி,
குஞ்சுகள் மூலைக்கு ஓடி
ஒன்றன்மேல் ஒன்று ஏறி
விடிவதற்குள் இருநூற்று நாற்பது.
அடியில் கிடந்தவை தட்டையாக, இன்னும் சூடாக.

"அடிச்சாக் குஞ்சு முழிக்காத துப்பாக்கி வேணுமுங்க."

முப்பது வருசத்தில் ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை என்று
சலாவுதீன் (பேரை ரசீதில் பார்த்தேன்)
பின்கட்டுக்குக் கூட்டிப் போனார்.
பழைய டயருக்குள் மணல் மூட்டை.
அட்டைப்பெட்டி மேல் கடைப் பூனை, நல்ல தூக்கத்தில்.

கடப்பாரைக்குப் பூனை பரண்மேல் போய்விட்டது.
இறங்கிச் சுருளும்வரை டீ குடித்தோம்.
அடுத்ததற்கு எழுந்து உட்கார்ந்து எங்களை முறைத்தது.
மறுபடி டீ.
மூன்றாவது ஒல்லி. நாலரை மில்லி. அரை கிராம் ரவை.
குழலை மடக்க இடது கையே போதும்.
ஒரு காது மட்டும் திரும்பியது.

என் தகடு சும்மா இருந்தது.
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி
தூங்கிச் சாய்கிற இடி, அவ்வளவுதான்.

ஆதாரை நகல் எடுத்துக்கொண்டே சொன்னார்:
"இலேசு வேணுமுன்னாக் கிட்டப் போவோணுமுங்க.
பதினஞ்சடி. கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல.
தள்ளி நின்னா அதுக்கு நோவுதான், சாவு வராது."
நான் பெல்ட்டுக்குத் தனி விலையா என்று கேட்டேன்.

டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி
தீவன மூட்டைமேல் குந்தியிருந்தேன்.
முதல் ராத்திரி வரவில்லை.
இரண்டாம் ராத்திரி, அவ்வளவு சொல்லியும்,
குழாயில் ஊசித் துளை.
நூல் மாதிரித் தண்ணீர்.
சத்தத்துக்கு எழாத குஞ்சுகள் அதற்கு எழுந்து
வரிசையாகக் குடித்தன.
எம்-சீல் உருட்டி அடைத்தேன்.

மூன்றாம் ராத்திரி ரெண்டரை மணி.
வளை வாயில் முதலில் மீசை, அப்புறம் மூஞ்சி.
முன்னங்கால் இரண்டையும் சேர்த்து
மூஞ்சியைத் தேய்த்துக் கழுவியது.
ஒரு காது கிழிந்து ஆறியிருந்தது,
எனக்குத் தெரியாத ஏதோ சண்டை.
பதினஞ்சடி எவ்வளவு கிட்ட என்பது
கடையில் தெரியாது.

மூச்சில் பாதியை விட்டு நிறுத்தினேன்.

மடித்த கோணிப்பையைத் தரையில் போட்ட சத்தம்.
நாலாயிரத்தில் ஒன்றும் திரும்பவில்லை.
தோளிலும் ஒன்றுமில்லை.
முழங்கால்தான், எழுந்திருக்க
வெகுநேரம் பிடித்தது.

விடிந்து, கோழி நிறுக்கிற தராசில் துப்பாக்கியைத் தொங்கவிட்டேன்.
இரண்டு கிலோ முந்நூறு.
நாற்பதாம் நாள் லாரி ஏறுகிற கோழி எடை.
அதுவும் தொங்கியது, தொள்ளாயிரத்துச் சொச்சம்.

பேட்ச் நோட்டில் இறப்புக் கட்டத்தில்
குஞ்சைத்தான் எழுதலாம்.
சூப்பர்வைசர் பையன் பூபேஷ் எட்டிப் பார்த்தான்:
"ஓரத்துல இதென்னங்கக்கா, ஒண்ணுன்னு?"
"ஒண்ணுதான் கண்ணு."
அவன் மூட்டை எண்ணப் போனான்.